கீழே இறங்கிய குழாய்

என் தலைக்குள் பிறவியிலேயே ஒரு நீர்க்கட்டி இருந்திருக்கிறது. இருபத்தைந்து வயது தாண்டும் வரை எனக்கு அது தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அடிக்கடி தலைவலி வரும். உலைச் சூட்டில் நிற்கிறவனுக்குத் தலைவலி வராமல் என்ன செய்யும் என்று மாத்திரை போட்டுக்கொள்வேன். பிறகு மாத்திரைக்கும் அடங்கவில்லை. ஒருநாள் எதிரே வந்த பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரிந்தது. எதில் ஏறுவது என்று தெரியாமல் நின்றேன். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அது எண்பதுகளின் கடைசி. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கறுப்பாக இருந்த ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு தண்ணீர்ப் பை இருக்கிறது, அது பெருத்து மூளையையும் கண் நரம்பையும் அழுத்துகிறது என்றார். மெல்லிய குழாய் ஒன்றை வைப்பார்களாம். அதன் ஒரு முனை தலையில் அந்தப் பைக்குள் இருக்கும். அங்கிருந்து காதுக்குப் பின்னால், கழுத்து, மார்பு என்று தோலுக்கு அடியிலேயே இறக்கி, மறுமுனையை வயிற்றுக்குள் விட்டுவிடுவார்கள். தலையில் சேரும் தண்ணீர் வயிற்றில் இறங்கிவிடும். வயிறு அதை உறிஞ்சிக்கொள்ளும்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. புரியாததைக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் வந்தால் எழுந்து நின்று தலையாட்டுவேன். அவர்கள் போன பிறகு என் மனைவியிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்பேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார். இந்தக் குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் தலைவலியும் வாந்தியும் வரும், கண் முதலில் போகும், அப்புறம் உயிர். அப்படி ஏதாவது வந்தால் ஒருநாள்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. பாரம் தூக்கவே கூடாது. நான் தலையாட்டினேன். என் மனைவி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் வீடு வானகரத்தில். அப்பா காலத்தில் அங்கே பிறர் நிலத்தில் கூலி வேலை. நிலங்கள் மனையாகிவிட்ட பிறகு எங்கள் தெருவில் பாதிப் பேர் சைக்கிளில் எஸ்டேட்டுக்குப் போக ஆரம்பித்தோம். நானும் ஆபரேஷனுக்கு மழித்த தலைமுடி வளர்ந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். கழுத்தில் தோலுக்கு அடியில் குழாய் ஒரு நரம்பு போலத் தடித்துத் தெரியும். அதை மறைக்கக் கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு போட்டுக்கொள்வேன்.

முதலாளி நல்ல மனிதர். பாரம் தூக்கக் கூடாது என்று சொன்னதும் என்னைக் கோர் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார். வார்ப்புக்கு உள்ளே துவாரம் வேண்டிய இடத்தில் வைப்பதற்கு மண்ணைப் பிசைந்து அச்சில் தட்டி எடுப்பார்கள். அதுதான் கோர். எங்கள் பட்டறையில் அந்த வேலையைப் பெண்கள்தான் செய்வார்கள். எட்டுப் பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் நான்.

முதல் நாளே ஓர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். “வா அக்கா, இப்டி குந்து. வெக்கப்படாத, நாங்க ஒன்னும் துன்னுட மாட்டோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போலச் செய்தேன். அதற்கப்புறம் எல்லோருக்கும் நான் அக்காதான். மண் அச்சு அடிக்கும் மோல்டிங் பக்கத்து ஆண்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். “அக்கா, கோர் ரெடியா? அக்கா, டீ வந்துச்சி.” யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் எனக்கே புரிகிறது. அப்போது ஒவ்வொரு முறையும் காது சுட்டது. ஒரு மாதம் தாங்கினேன். அப்புறம் யாரும் கேட்காமலே எழுந்து போய், மண் அடைத்த பாக்ஸ்களைத் தூக்க ஒரு கை கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பாக்ஸ். இடுப்பில் வைத்து மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது அடிவயிற்றில் சுருக்கென்று இழுக்கும். அதைப் பொருட்படுத்தவில்லை. அக்கா என்று கூப்பிடுவது நின்றுவிட்டது.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. ஒருநாள் குளிக்கும்போது கீழே ஒரு பக்கம் வீங்கியிருப்பதைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் அந்த வீக்கம் அப்போது சாதாரணம். ஏரித் தண்ணீர், சாக்கடை, கொசு. தெருவுக்கு ஒருவருக்காவது யானைக்கால் இருக்கும். ஆண்களில் சிலருக்குக் காலுக்குப் பதில் அங்கே இறங்கிவிடும். ஓதம் என்று சொல்வார்கள். எங்கள் பட்டறையிலேயே வயதான ஒருவருக்கு அது இருந்தது. வேட்டியை அகட்டி, கால்களைப் பரப்பி நடப்பார். அவர் வந்தால் பையன்கள் விடமாட்டார்கள். “இன்னா அண்ணாத்தே, வெயில் இப்டி காயுது, இளநி வெட்டலாமா?” என்பார்கள். அவரும் ஏதோ கெட்ட வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பில் நானும் இருந்திருக்கிறேன்.

எனக்கும் அதுதான் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். தலையையும் அதையும் சேர்த்து நினைக்கவே இல்லை. தலை எங்கே, அது எங்கே?

பூந்தமல்லிக்குப் போய், தெரிந்தவர்கள் யாரும் இல்லாத கடையாகப் பார்த்து, பயில்வான்கள் கட்டும் லங்கோடு வாங்கினேன். கடைக்காரர், “தம்பி கசரத்து பண்ணுதா?” என்று கேட்டார். ஆமாம், உடற்பயிற்சிக்குத்தான் என்றேன். என் உடம்பைப் பார்த்துவிட்டு அவர் வேறெதுவும் கேட்கவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதை இறுக்கிக் கட்டிக்கொள்வேன். வீக்கம் கூடக் கூட, கட்டும் இறுகியது. சைக்கிளில் உட்கார முடியவில்லை. டயர் சரியில்லை என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் போனேன். மாதக்கணக்கில் அந்த டயர் சரியாகவே இல்லை.

வீட்டில் இருந்தது ஒரே அறை. அதில் ஒரு பெண்ணிடம் எதை மறைப்பது? ஆனாலும் மறைத்ததாகத்தான் நினைத்தேன். அவள் தூங்கிய பிறகு படுப்பேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன். அவள் கை மேலே பட்டால் உடம்பு அலுப்பாக இருக்கிறது என்பேன். முதலில் ஒன்றிரண்டு தடவை, இன்னா மாமா என்று கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காமல் விட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருந்தேனே என்பதுதான் இன்றைக்கும் என்னைக் குறுக வைக்கிறது.

வேறு ஊர்ப் பக்கம் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். சட்டையைக் கழற்றவில்லை. வேட்டியை மட்டும் தளர்த்திக் காட்டினேன். வயிற்றில் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. எனக்கு ஆபரேஷன் நடந்தது தலையில். வயிற்றில் இருந்த தழும்பு விரல் அகலம்கூட இல்லை. அதை நான் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. அவர் யானைக்கால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீக்கம் இறங்கவில்லையென்றால் ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்துவிடலாம் என்றார். மாத்திரைகளை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தின்றேன். எந்த மாற்றமும் இல்லை.

அந்தக் கோடையில் தலைவலி திரும்ப வந்தது. காலையில் வேலைக்குப் போகும்போது இருக்காது. மதியத்துக்குள் நெற்றி கனக்க ஆரம்பிக்கும். சாயங்காலம் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்துப் படுத்தால் விடிவதற்குள் குறைந்துவிடும். மறுபடி காலையில் கட்டுவேன், மறுபடி மதியம் வலிக்கும். இரண்டுக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். நான் கண்டுபிடிக்கவில்லை. வெயில் என்று நினைத்தேன். பிறகு ராத்திரியிலும் வலி விடவில்லை. ஒருநாள் வாசலிலேயே வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தபோது என் மனைவிக்கு இரண்டு முகம் தெரிந்தது.

அவள் உடனே வீட்டைப் பூட்டினாள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்தாள். தன் அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். அவர் வேப்பம்பட்டில் இருந்தார். ஆவடி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். பெரிய குரல். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார். என்னை மாப்ள என்பார், நான் மச்சான் என்பேன். அவரைக் கண்டாலே நான் பாதியாகிவிடுவேன். அவர் வந்து என் தோளைத் தாங்கிப் பஸ் ஏற்றினார். அப்போதும் நான் லங்கோட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் புறப்பட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், குழாயோடு சேர்ந்து ஒரு சின்னக் குமிழ் உண்டு. டாக்டர்கள் அதை அழுத்திப் பார்த்தார்கள். குழாய் ஓடவில்லை என்றார்கள். ஸ்கேனில் பை மறுபடியும் பெருத்திருந்தது. தலையில் தொடங்கி வயிறு வரை குழாய் போகும் வழி முழுவதையும் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

மறுநாள் காலை ஒரு பெண் டாக்டர் அந்தப் படங்களோடு என் கட்டிலுக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். வார்டு நிறைய ஆட்கள். பக்கத்துக் கட்டிலில் தலையில் கட்டுப் போட்ட ஒருவர், அவருடைய அம்மா, தங்கைகள். என் கால்மாட்டில் மச்சான். தலைமாட்டில், கஞ்சித் தூக்கோடு என் மனைவி.

டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்தார். “குழாயோட முனை இந்தப் படத்துலயே இல்ல. வயித்தத் தாண்டிக் கீழ இறங்கியிருக்கு. உங்களுக்குக் கீழே எங்கயாவது வீக்கம் இருக்கா?”

“இல்லீங்க” என்றேன்.

“தொடை இடுக்குல, அதுக்கும் கீழ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒன்னும் இல்லீங்க டாக்டர்.”

யோசிக்க என்ன இருக்கிறது? அவர் சொல்வது முழுக்க எனக்குப் புரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டாக்டர் சொன்னது அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்தது. தலையில் வைத்த குழாய்தான் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படியும் என் வாய் இல்லை என்றுதான் சொன்னது. எதிரில் நின்றவர் ஒரு பெண். கால்மாட்டில் மச்சான் நிற்கிறார். பக்கத்துக் கட்டில் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். கண் போகும், உயிர் போகும் என்று சொன்னதெல்லாம் நினைவில்தான் இருந்தது. போனால் போகட்டும் என்று இருந்தது.

அவர் என்னைப் பார்த்துவிட்டு, அப்படியானால் நாளைக்குத் தலையைத் திறந்து குழாய் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். இரண்டு கட்டில் தாண்டியிருப்பார்.

“டாக்டரம்மா.”

என் மனைவியின் குரல். அவள் சத்தமாகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

“அவரு பொய் சொல்றாரு. வீங்கிகீது. ரொம்ப நாளா வீங்கிகீது. துணி போட்டு இறுக்கிக் கட்டிகினு கீறாரு.”

டாக்டர் திரும்பி வந்து, எங்கே என்று கேட்டார். அவள் சொன்னாள். எங்கள் தெருவில் ஆண்கள் சண்டை போடும்போது சொல்கிற சொல் அது. அவளுக்கு வேறு சொல் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. இப்போது பேப்பரில் எழுதுகிற சொல் தெரியும், ஆனாலும் இங்கே கீழே என்று மட்டும்தான் என் கை எழுதுகிறது. வார்டில் அந்த வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மனைவி தூக்கைக் கீழே வைக்காமல், தரையைப் பார்த்தபடி, நிமிராமல் நின்றாள்.

மச்சான் சிரிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் வார்டு மூலையில் மடக்கி வைத்திருந்த துணித் தட்டியை இழுத்துவந்து என் கட்டிலைச் சுற்றி வைத்தார். வெளியே அவர் குரல் கேட்டது. “இன்னாம்மா எல்லாரும் இங்கயே பாத்துகினு கீறீங்க? சினிமாவா ஓடுது? அவங்கவங்க நோயாளியப் பாருங்க.”

தட்டிக்குள் டாக்டர் என்னை லங்கோட்டை அவிழ்க்கச் சொன்னார். இறுக்கிக் கட்டியிருந்ததால் முடிச்சு வரவில்லை. அவரே குனிந்து அவிழ்த்தார். அழுத்திப் பார்த்தார், ஒரு சின்ன டார்ச் விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தார். சிவப்பாக வெளிச்சம் தெரிந்த இடத்தில் சுருண்டு கிடந்த கோடு ஒன்றைக் காட்டினார். நான் பார்க்கவில்லை.

அவர் சொன்னதை இந்த முறை நானே கேட்டுக்கொண்டேன். பாரம் தூக்கித் தூக்கி அடிவயிற்றில் ஒரு வழி திறந்திருக்கிறது. வயிற்றில் கிடந்த குழாய் முனை அந்த வழியாக இறங்கிவிட்டது. கீழே சேர்ந்திருப்பது யானைக்கால் தண்ணீர் இல்லை, என் தலைத் தண்ணீர். நான் தினமும் கட்டை இறுக்கியபோது குழாயின் வாயை நானே அடைத்திருக்கிறேன். தண்ணீர் போக வழியில்லாமல் தலையிலேயே நின்றிருக்கிறது. ராத்திரி அவிழ்த்ததும் கொஞ்சம் ஓடியிருக்கிறது. ஊசி போட்டு எடுத்திருந்தால் கிருமி சேர்ந்து, அதே குழாய் வழியாக மூளைக்கே ஏறியிருக்கும் என்றும் சொன்னார்.

கட்டை அவிழ்த்துவிட்டுப் படுத்திருந்தேன். சாயங்காலத்துக்குள் தலைக்கனம் குறைந்தது. தலையைத் திறக்க வேண்டாம், கீழே இருப்பதை மேலே எடுத்து அந்த வழியைத் தைத்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் பெரிய டாக்டர் மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். பெரிய ஆளுக்கு இப்படி வருவது அபூர்வமாம், கைக்குழந்தைகளுக்குத்தான் வருமாம். தட்டி மறைப்புக்குள் என்னை நிற்கச் சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், பாதி பெண்கள். அவர் இங்கிலீஷில் பேசினார். தலையைத் தொட்டார், கழுத்தில் விரலால் கோடு இழுத்தார், மார்பு, வயிறு என்று விரல் இறங்கிக்கொண்டே வந்தது. விரல் எங்கே வந்து நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பையன் உதட்டைக் கடித்துக்கொண்டான். பெரிய டாக்டர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் முகம் சுண்டியது. பிறகு போட்டோ எடுக்க ஒருவர் வந்தார். “முகம் வராது, பயப்படாதீங்க” என்றார். நான் துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டேன். போட்டோவுக்காகப் போடவில்லை. அத்தனை பேர் நிற்கும் இடத்தில் நான் எங்கேயாவது போக வேண்டியிருந்தது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் மச்சான் வந்து கட்டில் பக்கத்தில் குந்தினார். வீட்டில் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஊரெல்லாம் தெரிந்திருக்கும் என்றுதான் கேட்டேன்.

“குடலிறக்கம்னு சொல்லிட்டேன் மாப்ள. மெய்யாலுமே அதுவும் ஒரு ஓட்டைதானே? குடலிறக்கத்துக்கு ஒரு மருவாதி கீது. மூட்டை தூக்கற ஆம்பளைக்கு வர்றது.”

அவர் சிரிக்கவில்லை. “ஆனா நீ பண்ணது தப்பு” என்றார். “என் தங்கச்சி இன்னா நெனச்சிகினு இருந்திச்சின்னு அதக் கேளு.”

அவளிடம் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. வராந்தாவில் மெல்ல நடக்க வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“துணி தோய்க்கிறவ யாரு?” என்றாள். அப்புறம், “மாத்திரையும் பாத்தேன். பானைக்குப் பின்னால.”

“ஏன் கேக்கல?”

அவள் நடப்பதை நிறுத்தவில்லை. என் கையையும் விடவில்லை. “நீ எவகிட்டயோ போய் வாங்கிகினு வந்துட்டன்னு நெனச்சேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்திச்சி.”

மாதக்கணக்காக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த ஒவ்வொரு நாளும். அந்த நினைப்போடுதான், தன் அண்ணன் முன்னால், அத்தனை பேர் முன்னால், அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். குழாய் கீழே இறங்கியது என்று டாக்டர் சொல்லும் வரை அவளுக்கு அது என் கெட்ட நடத்தையின் அடையாளம்தான். அதை ஊரறியச் சொன்னால் தன் மானமும் போகும் என்று தெரிந்தே சொன்னாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். “அதான் டாக்டரம்மா சொல்லிட்டாங்களே” என்றாள்.

வார்டில் பக்கத்துக் கட்டில் பெண்கள் நாங்கள் வீட்டுக்குப் போகும்வரை அவளோடு சரியாகப் பேசவில்லை. வெட்கம் கெட்டவள் என்று பேசிக்கொண்டார்கள் போலிருக்கிறது. தண்ணீர் பிடிக்கப் போனால் ஒதுங்கி நிற்பார்கள். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

என் வலது கண் பழையபடி திரும்பவில்லை. ஓரத்தில் ஒரு புகை மாதிரி நிற்கும். சீக்கிரம் வந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்று சொன்னார்கள். முதலாளி மறுபடியும் கோர் பெஞ்சிலேயே உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அக்கா என்றார்கள். காது சுட்டது. எழுந்து போகவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து, குளிக்கும்போது, தையல் போட்ட இடத்துக்குக் கீழே கை தட்டுப்பட்டது. கெட்டியாக ஏதோ இருந்தது. தலைவலி இல்லை, கண்ணிலும் மாற்றம் இல்லை. ஆனால் அங்கே ஏதோ இருந்தது. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான்காவது நாள் சாப்பிடும்போது என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். சொன்னதே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம், நீ டாக்டரிடம் சொல்லு என்றேன்.

“நான் வர்றேன். சொல்ல மாட்டேன்” என்றாள். “ஒரு தபா சொன்னதே போதும். உனக்கு வாய் கீது.”

போனோம். வெளி நோயாளிகள் வரிசையில் என் முறை வந்தபோது அதே பெண் டாக்டர்தான் இருந்தார். பழக்கத்தில் அவர் என் மனைவியைப் பார்த்துத்தான், எப்படி இருக்கிறார் என்று கேட்டார். “அவரையே கேளுங்க டாக்டரம்மா” என்று சொல்லிவிட்டு அவள் அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். கதவு திறந்துதான் இருந்தது. அவள் முதுகு தெரிந்தது.

டாக்டர் காத்திருந்தார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு, “கீழ…” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவரும் உதவிக்கு வரவில்லை. மறுபடியும் ஆரம்பித்து, தைத்த இடத்துக்குக் கீழே கெட்டியாக இருக்கிறது, குழாய் மறுபடி இறங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்லி முடித்தேன். மிகச் சின்னக் குரலில்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

அவர் பரிசோதித்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிப் பார்த்தார். குழாய் வயிற்றில்தான் இருந்தது. கையில் தட்டுப்பட்டது தையல் ஆறிய தழும்பின் தடிப்பு, அது தானாகக் கரையும் என்றார். அதற்காக வந்தது தப்பில்லை, இனியும் வர வேண்டும் என்றார்.

பூந்தமல்லி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் உள்ளே என்ன சொன்னேன் என்று கேட்கவில்லை. மதுரவாயல் வந்த பிறகுதான், “இன்னா சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“ஒன்னும் இல்லியாம். தழும்புதானாம்.”

“மூனு நாளா தழும்பையா மறைச்சிகினு இருந்த?”

அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டரும் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மெதுவா, எல்லாரும் பாக்கிறாங்க என்று அவள் காதருகில் சொன்னேன். அவள் நிறுத்தவில்லை.